அத்தியாயம் 9: சாய்ந்த பெருமரமும் மினி டிராக்டரும்

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களை வேரோடு சாய்த்தது. முந்திரியும் தப்பவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. காற்று ஓய்ந்ததும் தோப்புக்காரருக்கு எழும் முதல் கவலை, கிடக்கும் மரங்களை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதுதான்.

உடனே ஜேசிபி நினைவுக்கு வரும். ஆனால் புயலுக்கு அடுத்த நாட்களில் அந்த வண்டிகள் சாலைக்கும் மின்கம்பத்துக்கும் போய்விடும். தோப்புக்கு முறை வர நாளாகும். வந்தாலும், தப்பி நிற்கும் மரங்களுக்கு நடுவே அது திரும்பும்போது மிச்ச வேர்களையும் நசுக்கிவிடும். இடையுழவுக்கும் மருந்தடிக்கவும் நாம் வைத்திருக்கும் 15 முதல் 30 குதிரைத்திறன் மினி டிராக்டர் அந்த இடைவெளியில் தாராளமாகப் புகுந்து வரும். பெரிய பலா ஒன்றைத் தூர் நீங்கலாக வெளியேற்ற அதுவே போதும், அதன் அளவறிந்து வேலை வாங்கினால்.

அந்த அளவு குதிரைத்திறனில் இல்லை, வண்டியின் எடையில் இருக்கிறது. எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும், டயர் மண்ணைப் பிடிக்கும் அளவுக்கு மட்டுமே வண்டியால் இழுக்க முடியும். டயர் எவ்வளவு பிடிக்கும் என்பதை மண்ணின் ஈரமும் வண்டியின் எடையும் தீர்மானிக்கின்றன. நம்மூர் மினி டிராக்டர்களில் பல 650 கிலோவிலிருந்து 1,000 கிலோ வரை எடையுள்ளவை. ஓரளவு கெட்டியான மண்ணில், நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு இழுத்தால், தன் எடையில் ஏறத்தாழ பாதியளவு இழுவிசை கிடைக்கும். புயல் மழையில் ஊறிய மண்ணில் அதுவும் கிடைக்காது. இந்த அத்தியாயத்தின் மற்ற எல்லா யோசனைகளும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் நாள் டிராக்டரை எடுக்காதீர்கள்

மரத்தோடு மின்கம்பி சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று தூரத்தில் நின்றே சுற்றிப் பாருங்கள். ஊரில் மின்சாரம் இல்லை என்பதை நம்பிக் கம்பியைத் தொடக்கூடாது. எந்த நேரமும் இணைப்பு திரும்ப வரலாம், அக்கம்பக்கத்து ஜெனரேட்டரிலிருந்தும் மின்சாரம் ஏறலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அவர்கள் வந்து கம்பியை அகற்றும்வரை மரம் அப்படியே கிடக்கட்டும்.

அடுத்தது கணக்கெடுப்பு. நிவாரணம் கோரும் எண்ணம் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையினரும் பார்த்துக் குறித்துக்கொள்வதற்கு முன் ஒரு கிளையைக்கூட வெட்ட வேண்டாம். காத்திருக்கவே முடியாத நிலை என்றால், தூரும் வேரும் தெரியும்படி ஒவ்வொரு மரத்தையும் படம் எடுத்து வையுங்கள். சாலையோரத்து மரம் உங்கள் வேலிமேல் விழுந்திருந்தாலும் அது உங்கள் மரம் ஆகாது. பஞ்சாயத்திடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ சொல்லிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். சந்தன மரம் என்றால் வனத்துறைக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது. மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், அங்கே சொந்த நிலத்து மரத்துக்கும் விசாரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, உள்ளே என்ன குடியிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளத்திலிருந்து ஒதுங்கும் பாம்புகளுக்குச் சாய்ந்த மரத்தின் இலைக்குவியல் நல்ல அடைக்கலம். பழைய மரப்பொந்தில் தேனீ இருக்கலாம். இலைக்குவியலை நீண்ட கழியால் தட்டிக் கலைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து நெருங்குங்கள்.

காத்திருக்கும் இந்த நாட்களில் மண்ணும் வடியும். தோப்பு மண்ணில் குதிகால் பதியாமல் நடக்க முடிகிறதா என்பதே என் சோதனை. குதிகால் புதைந்தால் டிராக்டரும் புதையும்.

எடை பார்க்கும் வழி

பச்சை மரத்தின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே நினைப்போம். அதனால் டேப் வைத்து அளந்துவிடுங்கள். துண்டின் நடுப்பகுதிச் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததை நீளத்தால் பெருக்கி, மீண்டும் 80-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 1.9 மீட்டர், நீளம் 3 மீட்டர் உள்ள அடிமரம் என்றால் 1.9 × 1.9 × 3 × 80 = 866 கிலோ. மா, பலாவுக்கு இந்தக் கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அது நம் பாதுகாப்புக்கு நல்லதே. புளி வைரம் பாய்ந்த கனமான மரம் என்பதால் அதற்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் கிடக்கும் கட்டையை மண்ணோடு உரசி இழுக்க, அதன் எடையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விசை வேண்டும். மூக்கு மண்ணில் குத்திக்கொண்டால் அதற்கும் மேலே போகும். 700 கிலோ வண்டி 350 கிலோ விசையைத்தான் தரும் என்றால், மேலே சொன்ன 866 கிலோ அடிமரத்தை அதனால் அசைக்க முடியாது. நான் பரிந்துரைக்கும் எல்லை இது: நேரடியாக இழுக்கும் எந்தத் துண்டும் டிராக்டரின் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது. அதே அடிமரத்தை 1.2 மீட்டர் துண்டாக அறுத்தால் 347 கிலோ வரும். வண்டி அலுங்காமல் இழுத்துப் போகும். சுற்றளவு 0.9 மீட்டர் உள்ள தென்னையில் 3 மீட்டர் துண்டே 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். தென்னந்தோப்பை மினி டிராக்டரால் விரைவாகச் சுத்தம் செய்ய முடிவதற்கும், பலாத்தோப்பில் பொறுமை தேவைப்படுவதற்கும் இதுதான் காரணம்.

ஆனாலும் பலாவை எடுத்த எடுப்பிலேயே சிறு துண்டுகளாக அறுத்துவிடாதீர்கள். பண்ருட்டிப் பலாவின் வைரப் பகுதிக்கு இசைக்கருவி செய்வோரிடம் தனி மதிப்பு உண்டு. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் கடையப்படுகிறது. ஒரே கட்டையில் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணைக்கு 4 அடிக்கு மேல் விரிசலில்லாத நேரான அடிமரம் வேண்டும். மிருதங்கக் கட்டைக்கு 2 அடிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். வியாபாரி வந்து பார்த்து நீளம் சொல்லும்வரை அடிமரத்தை விட்டுவைத்து, கிளைகளிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். அறுத்த முகங்களில் அன்றைக்கே பெயின்டோ மெழுகோ பூசிவிட்டால் வெயிலில் வெடிப்பு விடாது. விறகு விலைக்குப் போகவேண்டிய மரம் அல்ல அது.

அறுக்கும்போது

சாய்ந்த மரம் அமைதியாகக் கிடப்பதுபோல் தெரியும். உள்ளே எங்கோ ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அழுந்தியும் இருக்கும். அதனால் ரம்பத்தை வைக்கும் முன் மரம் எதன்மேல் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கினால் மேல்பக்கம் அழுந்தியிருக்கும். மேலிருந்து கால்பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேலாக முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறு. அழுந்திய பக்கத்தை முதலில் அறுக்க வேண்டும் என்ற ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பக்கவாட்டில் வில்லாக வளைந்திருக்கும் கிளைக்கு, வளைவின் உட்புறமாக நின்று அறுங்கள். அது தெறிப்பது வெளிப்புறமாக.

வேரோடு பிடுங்கிய மரத்தில், மண்ணும் வேருமாக ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் தூர்ப்பகுதிதான் மிகவும் ஆபத்தான இடம். மரத்தின் எடைதான் அதைச் சாய்த்துப் பிடித்திருக்கிறது. அடிமரத்தை அறுத்துப் பிரித்த கணத்தில் அது சட்டென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே விழக்கூடும்; அல்லது அறுப்பவர் பக்கமாகவே கவிழக்கூடும். அந்தக் குழி பிள்ளைகளுக்கு எட்டிப் பார்க்கவும் இறங்கி விளையாடவும் தோன்றும் இடம். அறுப்பதற்கு முன் ஒருவர் போய்க் குழியைப் பார்த்துவிட்டு, வேலை முடியும்வரை அந்தப் பக்கம் யாரும் வராமல் காவல் நிற்க வேண்டும். தூர் எவ்வளவு உயரம் எழுந்து நிற்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு நீளத்துக்கு அடிமரத்தைத் தூரோடு விட்டுவிட்டு அதற்கு அப்பால் அறுங்கள். அந்த மிச்சக் கட்டை, தூர் நம் பக்கம் கவிழாமல் முட்டுக்கொடுக்கும்.

செயின் சாவின் எதிரி மண். புயலில் விழுந்த மரப்பட்டையில் சேறு அப்பிக் கிடக்கும். அறுக்கும் இடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு ரம்பத்தை வையுங்கள். தென்னையின் வெளிப்பகுதி கடினமானது, அரத்துக்கு அடிக்கடி வேலை வைக்கும்.

சங்கிலியை எங்கே மாட்டுவது

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இழுக்கும் கட்டை ஒரு வேரிலோ வரப்பிலோ சிக்கிவிட்டது என்று வையுங்கள். பின்சக்கரம் நகர முடியவில்லை, எஞ்சின் தொடர்ந்து சுழற்றுகிறது. சக்கரம் சுற்ற வழியில்லாதபோது, அந்தத் திருகு விசை வண்டியின் உடலையே பின்அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் எழும். சங்கிலி பின்அச்சைவிடத் தாழ்வான டிராபாரில் மாட்டியிருந்தால், முன்பக்கம் எழ எழக் கொக்கி இன்னும் தாழ்ந்து, இழுவையின் வேகம் குறையும். வண்டி தானாகத் திரும்ப இறங்க வாய்ப்பிருக்கிறது. டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, இருக்கைக்குப் பின்னால் உள்ள சட்டத்திலோ, அச்சைவிட உயரமான வேறெங்கோ மாட்டியிருந்தால், அந்த இழுவையே வண்டியைப் பின்னோக்கிக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்து முடிய ஒன்றரை வினாடி போதும். முன்சக்கரம் எழுவதை உணர்ந்து கிளட்சை மிதிக்க ஓட்டுபவருக்கு முக்கால் வினாடிகூடக் கிடைக்காது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த நேரத்துக்குள் கால் போய்ச் சேராது.

எனவே டிராபாரைத் தவிர வேறெங்கும் மாட்டாதீர்கள். கட்டையின் மூக்கைத் தூக்க ஹைட்ராலிக் கைகளில் சங்கிலி கட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. கைகள் உயர்ந்தால் கொக்கியும் அச்சுக்கு மேலே போய்விடுகிறது என்பதை அப்படிச் செய்பவர்கள் கவனிப்பதில்லை. மூக்கு மண்ணில் குத்தினால் அதன் அடிப்பக்கத்தைக் கோடரியால் சாய்வாகச் செதுக்கிவிடுங்கள், அல்லது இரண்டு உருண்டைக் கிளைகளைக் குறுக்கே போட்டு அவற்றின்மேல் ஏற்றுங்கள். கட்டையைச் சுற்றிச் சங்கிலியைச் சுருக்காகப் போட்டு, கொக்கி கட்டையின் மேல்பக்கம் வரும்படி வைத்தால் இழுக்கும்போது மூக்கு தானாகவே சற்று எழும்.

இருக்கைக்குப் பின்னால் கவிழ்வுத் தடுப்பு வளைவு இருக்கும் வண்டியில் அதை நிமிர்த்திப் பூட்டி, பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தடியில் இடிக்கிறது என்று வளைவை மடக்கிவைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போடுவது ஆபத்து. அப்படிப்பட்ட வண்டிக்கு நான் சொன்ன எடை எல்லையையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சங்கிலி வாங்கும்போது கிரேடு 80 என்று கண்ணியில் முத்திரை உள்ளதாகப் பாருங்கள். அந்த வகையில் 8 மி.மீ. சங்கிலியின் வேலைச்சுமை 2 டன். மினி டிராக்டருக்கு அது தாராளம். அறுந்த கண்ணியைப் போல்ட் போட்டு இணைத்த சங்கிலி, பழைய கிணற்று வடம், நைலான் கயிறு எதுவும் வேண்டாம். நைலான் நீண்டுகொடுத்து, அறுந்ததும் அந்த நீட்சி முழுவதையும் திருப்பி வீசும். முனையில் இரும்புக் கொக்கியும் இருந்தால் உயிருக்கே ஆபத்து. எதைக் கட்டி இழுத்தாலும் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவையுங்கள், அறுந்தால் வீச்சு குறையும். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் சங்கிலியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும்.

இழுப்பது

கட்டை போகவேண்டிய வழியை முதலில் நடந்து பாருங்கள். சொட்டுநீர்க் குழாய், போர்வெல்லிலிருந்து வரும் பிவிசி பைப், வரப்பு, உயிரோடு நிற்கும் மரங்களின் வேர்ப்பரப்பு எல்லாவற்றையும் ஒதுக்கி ஒரே ஒரு பாதையை வகுத்து, எல்லாக் கட்டைகளையும் அதன் வழியாகவே கொண்டுபோங்கள். தோப்பு முழுக்க மண் இறுகுவதைவிட ஒரு பாதை இறுகுவது மேல். பிறகு அதை மட்டும் உழுதுவிடலாம். சரிவு இருந்தால் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே போனால் வண்டி புரளும். இறங்கும்போது கட்டை உருண்டு வந்து பின்சக்கரத்தில் மோதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கர ஓட்டம், மிகத் தாழ்ந்த கியர், எஞ்சின் ஓட்டம் மிதமாக. முதலில் சங்கிலி விறைக்கும்வரை மெல்ல நகர்ந்து நிறுத்துங்கள். பிறகு கிளட்சைச் சீராக விடுங்கள். டயர் ஒரு சுற்று வழுக்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பக்கத்தில் நிற்பவர் “அண்ணே, கொஞ்சம் பின்னாடி வந்து ஒரு வெட்டு வெட்டி இழுங்க, வந்துரும்” என்பார். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். தொய்வு விட்டு வேகமெடுத்து வெட்டி இழுக்கும்போது சங்கிலியில் விழும் அடி, சாதாரண இழுவையைப் போலப் பல மடங்கு. வழுக்கினால் அதற்கு இரண்டே பரிகாரம்: துண்டைச் சிறிதாக்குவது, அல்லது கப்பி போடுவது.

வீணைக்கென்று நீளமாக விட்டுவைத்த அடிமரத்துக்குக் கப்பிதான் வழி. எஃகு வடத்தின் ஒரு முனையை உறுதியாக நிற்கும் மரத்தின் தூரில் கட்டி, கட்டையில் மாட்டிய கப்பி வழியாக மறுமுனையைக் கொண்டுவந்து டிராபாரில் மாட்டுங்கள். இப்போது டிராக்டர் 2 மீட்டர் நகர்ந்தால் கட்டை 1 மீட்டர் நகரும். இழுக்க வேண்டிய விசையும் ஏறத்தாழ பாதியாகிவிடும். 700 கிலோ வண்டியால் இழுக்க முடியாத 866 கிலோ அடிமரம் இப்படி மெதுவாக நகர்ந்து வரும். வடம் கட்டும் மரம் புயலில் அசைந்து வேர் தளர்ந்ததாக இருக்கக்கூடாது. பட்டை உரியாமலிருக்க அதைச் சுற்றிச் சாக்கை மடித்துக் கட்டுங்கள். கப்பியிலிருந்து பிரியும் இரண்டு வடங்களுக்கு நடுவே யாரும் நிற்கக்கூடாது. கப்பி பிய்த்துக்கொண்டால் வடம் பாய்வது அந்த இடத்துக்குத்தான். எஃகு வடத்தைத் தொடும்போது தோல் கையுறை இருக்கட்டும், அறுந்த இழைகள் கையைக் கிழிக்கும்.

டிரெய்லரில் ஏற்றவும் டிராக்டரே உதவும். டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் இரண்டு கனமான கழிகளைச் சாய்த்து வையுங்கள். இரண்டு கயிறுகளின் முனையை டிரெய்லர் சட்டத்தில் கட்டி, கட்டைக்கு அடியில் கொண்டுபோய், மேலே சுற்றித் திரும்ப டிரெய்லரின் மறுபக்கம் எடுத்து டிராக்டரில் மாட்டுங்கள். டிராக்டர் மெதுவாக விலகிப் போகக் கட்டை கழிகளின்மேல் உருண்டு ஏறும். இங்கேயும் விசை பாதியாகிறது. உருளும் கட்டைக்குக் கீழ்ப்பக்கத்தில், ஒரு கை கொடுக்கலாம் என்றுகூட, ஒருவரும் நிற்கக்கூடாது.

தென்னந்தோப்புக்குத் தனியாக ஒரு வார்த்தை

மரம் கிடந்தால் கிடக்கட்டும், மட்கி உரமாகும் என்று விட்டுவிடுவது தென்னையில் கேடு. மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். வளர்ந்த வண்டு உயிரோடு நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும், அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டும் நுழையும். புயலில் தப்பிய மரங்களை அடுத்த வருடம் வண்டுக்குப் பறிகொடுப்பது இப்படித்தான். விழுந்த சில மாதங்களுக்குள் தண்டுகளைத் தோப்பை விட்டு வெளியேற்றிவிட வேண்டும். முதிர்ந்த மரத்தின் அடிப்பாகம் கைமரத்துக்கும் விட்டத்துக்கும் ஆகும். நுனிப்பக்கம் மென்மையானது; அதை எரித்தோ தூளாக்கியோ தீர்த்துவிடலாம்.

தூர்

எல்லாம் போன பிறகு தூர் மட்டும் நிற்கும். சங்கிலியைப் போட்டுப் பிடுங்கிவிடலாம் என்று இந்த நேரத்தில் ஒரு தைரியம் வரும். தூரில் ஒட்டியிருக்கும் மண்ணின் எடையே டிராக்டரின் எடையைத் தாண்டும். மண்ணுக்குள் ஓடும் வேர் அறுந்து வராது. முன்சக்கரம் எழுவது அநேகமாக இந்த வேலையில்தான். மினி டிராக்டரைத் தூர் பிடுங்கப் பயன்படுத்தவே கூடாது என்பது என் முடிவான கருத்து. சுற்றிலும் வெட்டி, பக்கவேர்களைக் கோடரியால் துண்டித்து, கவிழாதபடி முட்டுக்கொடுத்து வையுங்கள். ஊரில் ஜேசிபி ஓய்ந்து வாடகை இறங்கியதும், தோப்பிலுள்ள எல்லாத் தூர்களுக்கும் சேர்த்து ஒரே நாளில் அதை அமர்த்தி எடுத்துவிடுங்கள்.